மதுவா, மரமா? – பீப்பாய் விட்டுச் சென்ற சுவை

எங்கள் கோவில்பத்தில் வயதானவர்கள் பலர், குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம்மை இன்றும் 'பீப்பா' என்றே சொல்லக் கேட்கலாம். சாலை போடும் இடத்தில் நிற்பது தார்ப் பீப்பாய். செய்தித்தாளில் கச்சா எண்ணெய் விலை வருவதும் பீப்பாய்க் கணக்கில்தான். காரைக்காலை அடுத்த நிரவியில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகை அலுவலகம் இருப்பதால், ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்க காலன், அதாவது சுமார் 159 லிட்டர் என்பது எங்கள் பகுதி மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு. "அது ஏன் 42? நாற்பது, ஐம்பது என்று வைத்திருந்தால் கணக்குப் போட எளிதாக இருக்குமே?" என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார்.

நல்ல கேள்வி. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக மது ஏற்றிய மரப்பீப்பாய்களில் ஒரு வகையின் கொள்ளளவு 42 காலன். 1860களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய் எடுத்தவர்கள் கையில் கிடைத்த மரப்பீப்பாய்களில்தான் எண்ணெயை அடைத்து அனுப்பினர். நாளடைவில் அந்த 42 காலனையே தங்கள் அளவாகவும் வைத்துக்கொண்டனர். 'பீப்பாய்' என்ற நம் சொல்லும் அவ்வாறே வந்தது. மது ஏற்றும் பெரிய மரக்கலத்தைப் போர்ச்சுக்கீசியர் 'பிபா' என்றனர். அவர்களிடமிருந்து அது நம் கடற்கரைத் தமிழில் ஏறிக்கொண்டது. மரம் போய்விட்டது, மதுவும் போய்விட்டது, பெயரும் அளவும் நின்றுவிட்டன.

பீப்பாய் இன்னொன்றையும் விட்டுச் சென்றிருக்கிறது. அது ஒரு சுவை. சிவப்பு ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்கிறவர்கள், "இதில் ஓக் மரத்தின் சாயல் தெரிகிறது, அதில் மரம் மிஞ்சிவிட்டது" என்று பேசுவார்கள். திராட்சைச் சாற்றில் மரம் எப்படி வந்தது? கலத்தின் சுவை எது, சரக்கின் சுவை எது என்று பிரித்துச் சொல்ல மனிதனின் நாக்கால் முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் போனால், நம் சோழமண்டலக் கடற்கரையின் ஈராயிரம் ஆண்டு வரலாறும் உடன் வருகிறது.

முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மதுச் சுவைஞன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். குடி குடும்பங்களை என்ன செய்கிறது என்பதை எல்லோரையும் போல நானும் கண்டிருக்கிறேன். தொழில்முறைச் சுவைஞர்களும் வாயில் வைத்த மதுவை விழுங்காமல் துப்பிவிடுவதே வழக்கம். இங்கே நாம் பார்க்கப் போவது கலமும், கலம் தந்த சுவையை அளக்க மனிதன் கண்ட வழியுமே.

ஜாடியில் வந்த தேறல்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் உள்ள மேடு அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலியில் செய்யப்பட்ட மெருகேற்றிய மட்கலத் துண்டுகளோடு, இரண்டு கைப்பிடிகளும் கூரிய அடிப்பகுதியும் கொண்ட நெடிய ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. 'ஆம்போரா' எனப்படும் இவை கிரேக்கரும் ரோமானியரும் மது, எண்ணெய், மீன் ஊறல் முதலியவற்றைக் கப்பலில் ஏற்றப் பயன்படுத்தியவை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. அப்போது கிடைத்த ஜாடித் துண்டுகளையும் முன்பு கிடைத்தவற்றையும் எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் ஆராய்ந்து, அவற்றுள் கணிசமானவை கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை எனக் கண்டார். இரண்டு களிமண் உருளைகளைச் சேர்த்து ஒட்டிய இரட்டைக் கைப்பிடியே அந்த வகையின் அடையாளம்.

கோஸ் தீவு மதுவுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. அதில் கடல்நீரைக் கலப்பார்கள். உப்பு, மது கெட்டுப்போவதைத் தாமதப்படுத்தும். அதோடு, மண்ஜாடி மதுவை உறிஞ்சிக் கசியவிடாமல் இருக்க, உட்புறத்தில் பைன் மரப் பிசினைப் பூசுவார்கள். ஆகவே, நம் கரையில் இறங்கிய யவன மதுவில் திராட்சையின் புளிப்போடு கடலின் உப்பும் பிசினின் மணமும் சேர்ந்தே இருந்திருக்கும்.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனிடம், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்து தந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பற்றிப் பேசுகிறார். தேறல் என்பது தெளிந்த மது. மதுவின் மணத்தையும், அது வந்த கலத்தையும் புலவர் சேர்த்தே சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. 'கலம்' என்ற சொல் பாத்திரத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும் என்பதால் உரைகாரர்கள் இரு வகையாகவும் பொருள் கொள்வர். எப்படிக் கொண்டாலும், அவர் நுகர்ந்த மணத்தில் பைன் பிசினுக்கும் பங்கு இருந்திருக்கக்கூடும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஓட்டுத் துண்டை வைத்துக்கொண்டு அதில் இருந்தது மதுதான் என்று எப்படிச் சொல்வது? மேற்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆராய்ச்சியாளர் தேடுவது டார்டாரிக் அமிலத்தை. அந்நாடுகளில் அது திராட்சையின் கையெழுத்துப் போன்றது. ஆனால் நம் நாட்டில் அந்தக் கையெழுத்தை அப்படியே நம்ப முடியாது. நம் சமையலறைப் புளியிலும் டார்டாரிக் அமிலமே நிறைந்திருக்கிறது! அமிலம் மட்டும் கிடைத்தால், ஜாடியில் இருந்தது மதுவா, பின்னாளில் யாரேனும் கரைத்து வைத்த புளியா என்று சொல்ல இயலாது. ஆகவே இரண்டாவது சான்று வேண்டும். சிவப்புத் திராட்சையின் நிறப்பொருள் சிதைவதால் கிடைக்கும் சிரிஞ்சிக் அமிலம் அப்படிப்பட்ட ஒன்று. எகிப்து மன்னன் துட்டங்காமனின் கல்லறை ஜாடியில் இருந்தது சிவப்பு ஒயின் என்று 2004இல் இந்த முறையில்தான் காட்டினர்.

ஒரு பொருளுக்கு இரண்டு மூலங்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் கைகாட்டிவிடக் கூடாது. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஜாடியை வென்ற மரம்

ஜாடிக்கு ஒரு பெருங்குறை: எடை. ரோமானிய ஆம்போரா ஒன்றில் சுமார் 26 லிட்டர் கொள்ளும். கனத்த வகை ஜாடிகளில், மது எவ்வளவு எடையோ ஏறக்குறைய அவ்வளவு எடை ஜாடியும் இருக்கும். கப்பல் சுமந்ததில் பாதி வெறும் மண்! மாறாக, இன்று பிரான்சின் போர்தோ பகுதியில் வழங்கும் 225 லிட்டர் ஓக் பீப்பாய், காலியாக இருக்கும்போது சுமார் 50 கிலோதான். அதாவது ஒரு லிட்டருக்குக் கால் கிலோவுக்கும் குறைவான மரம்.

மரப்பலகைகளை வளைத்து வளையமிட்டுக் கட்டும் கலையில் வல்லவர்கள் ஆல்ப்ஸ் மலைப் பகுதி மக்களும், இன்றைய பிரான்சில் வாழ்ந்த கால் இனத்தவரும். ஆல்ப்ஸ் பக்கத்தில் வளையமிட்ட மரக்கலங்களில் மதுவை வைப்பதாக முதல் நூற்றாண்டில் பிளினி எழுதியுள்ளார். அடுத்த சில நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மரம் ஜாடியை வென்றுவிட்டது.

இயற்பியல் கண்ணோடு பார்த்தால் பீப்பாய் ஓர் அருமையான படைப்பு. நடுவில் பருத்திருப்பதால், படுக்கவைத்தால் தரையில் ஒரு சிறு பகுதிதான் தொடும். உராய்வு குறைவு, கால் டன் எடையை ஓர் ஆள் உருட்டலாம், நின்ற இடத்திலேயே திருப்பலாம். இரு பக்கமும் வளைந்த பலகை, இரட்டை வளைவு மண்டபத்தைப் போல அழுத்தத்தைத் தாங்கும். ஆணியும் பசையும் தேவையில்லை. உள்ளே நீர்மம் ஊறியதும் பலகைகள் உப்பி, இடுக்குகளைத் தாமே அடைத்துக்கொள்ளும்.

எந்த மரமும் இதற்கு ஆகாது. மரத்தில் நீர் ஏறும் குழாய்கள் உண்டு. அவை திறந்திருந்தால் மது ஒழுகிவிடும். வெள்ளை ஓக் வகைகளில், வயதான பகுதியில் இக்குழாய்களை மரமே சிறு திசுக்களால் அடைத்துவிடுகிறது. சூடாக்கினால் உடையாமல் வளையவும் செய்யும். ஆகவே பிரெஞ்சு, அமெரிக்க ஓக் மரங்களே இத்தொழிலில் முதலிடம் பெற்றன. பலகைகளை இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் போட்டுப் பதப்படுத்தி, பின் உள்ளே நெருப்பு மூட்டி வளைப்பார்கள். நெருப்பு மூட்டியது வளைப்பதற்காகத்தான். அது மதுவின் மணத்தையும் மாற்றியது என்பது பின்னரே புரிந்தது.

ஒரே அமைச்சர், கப்பலும் காடும்

காரைக்கால் வரலாற்றில் வரும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை 1664இல் தொடங்கியவர், பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர். அதே கோல்பேர் 1669இல் காடுகளுக்கான பெரும் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தார். போர்க்கப்பல்களுக்கு ஓக் மரம் வேண்டும். கண்டபடி வெட்டினால் காடு அழிந்துவிடும் என்பது அவர் கவலை. அவர் காலத்தில் மறுசீரமைக்கப்பட்ட திரோன்சே காடு, இன்று உலகின் மிகச் சிறந்த பீப்பாய் மரத்துக்குப் பெயர் பெற்றது. மரம் முதிர்வதற்குள் பாய்மரக் கப்பல்களின் காலமே முடிந்துவிட்டது. கப்பலுக்காகக் காத்த காடு பீப்பாய்க்கு உதவிற்று.

எங்கள் கரையில் வந்தவர்கள் பலர். தெற்கே நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும். வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர். நடுவே காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று முடிந்தது. இவர்கள் அனைவரின் கப்பல்களிலும் பீப்பாய் இருந்தது. மது மட்டுமா? குடிநீர், உப்பிட்ட இறைச்சி, மாவு, வெடிமருந்து எல்லாம் பீப்பாயில்தான். அரிக்கமேட்டு ஜாடி உடைந்து மண்ணில் கிடந்தது. ஈராயிரம் ஆண்டு கழித்தும் சாட்சி சொன்னது. பீப்பாயோ மக்கியது, அல்லது அடுப்புக்குப் போயிற்று. நம் மொழியில் ஒரு சொல்லை மட்டும் விட்டுச் சென்றது.

அந்த நீண்ட கடற்பயணத்தில் வணிகர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவின் மது, வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து விற்காமல் திரும்பி வந்தால், கெட்டுப்போவதற்குப் பதில் சுவை கூடியிருந்தது. 'சுற்றி வந்த மது' என்று பெயரிட்டு அதை அதிக விலைக்கு விற்றனர். போர்தோ வணிகர்களும் 'இந்தியா போய் வந்தது' என்று சிலவற்றுக்கு முத்திரையிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், செந்தெஸ்தேஃப் ஊரைச் சேர்ந்த தெஸ்தூர்னெல் என்பவர் இந்தியாவுக்குத் தம் மதுவை அனுப்பி வாணிகம் செய்தார். கீழை நாட்டுக் கோபுரங்களின் பாணியில் தம் கிடங்கையே கட்டினார். அது இன்றும் நிற்கிறது.

இந்தியா போய் வந்ததால் மது ஏன் மாறியது? வெப்பம் கூடினால் இரசாயன மாற்றங்கள் விரையும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் ஏறக்குறைய இருமடங்கு என்பது நாம் பள்ளியில் படித்த கட்டை விதி. பிரான்சின் நிலவறையில் 13 அல்லது 14 டிகிரியில் உறங்கவேண்டிய மது, நம் கடல்களில் 30 டிகிரியில் பல மாதங்கள் கிடந்தது. மதேராவில் பின்னர் கப்பலை விட்டுவிட்டு, தொட்டியில் மதுவை 45 முதல் 50 டிகிரி வரை மூன்று மாதம் சூடாக்கி அதே சுவையைக் கொண்டுவந்தனர்.

ஆனால் கவனியுங்கள். கப்பலில் இருந்தது வெப்பம் மட்டுமன்று. மரம் இருந்தது, மரத்தின் வழியே புகுந்த காற்று இருந்தது, ஓயாத குலுக்கல் இருந்தது. எதனால் என்ன விளைந்தது என்று பிரித்துச் சொல்ல அந்தப் பயணம் ஒரு நல்ல பரிசோதனை ஆகாது. ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்தால்தான் அது பரிசோதனை. அத்தகைய வேலையை முதலில் செய்தவர்களில் ஒருவர் லூயி பாஸ்டர். மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்படி 1863இல் ஒயினை ஆராயத் தொடங்கிய அவர், 1866இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். மரத்தின் வழியே மெல்ல மெல்லப் புகும் ஆக்சிஜனே மதுவை முதிர்விக்கிறது என்று அவர் காட்டினார். காற்று மிகுந்தால் மது கெடும். சிறிதளவு புகுந்தால் பழுக்கும்.

மரத்தில் ஒளிந்திருக்கும் அஞ்சறைப் பெட்டி

மரம் மதுவுக்குத் தருவது என்ன? ஒயினையே கண்டிராதவர்களுக்கும் இந்த மணங்கள் புதியவை அல்ல.

முதலாவது துவர்ப்பு. இதற்குக் காரணமான டானின் கடுக்காயிலும் பாக்கிலும் தேயிலையிலும் உண்டு. அறுசுவையில் ஒன்றாக நாம் அதைக் கொண்டாலும், விஞ்ஞானிகள் பலர் அதைச் சுவையைவிடத் தொடு உணர்வாகவே கருதுகின்றனர். நம் எச்சிலில் வழவழப்புத் தரும் புரதங்கள் உண்டு. டானின் அவற்றைப் பிடித்துத் திரட்டிவிடும். வாயில் மசகு குறைகிறது. நாக்குக்கும் கன்னத்துக்கும் இடையே உராய்வு கூடுகிறது. துவர்ப்பு என்று நாம் உணர்வது இந்த உராய்வையே. பால் கலக்காத கெட்டித் தேநீரை ஒரு வாய் குடியுங்கள். பிறகு அதிலேயே சிறிது பால் ஊற்றிக் குடியுங்கள். துவர்ப்பு குறைந்திருக்கும். பாலின் புரதம் எச்சில் புரதத்துக்கு முன் டானினைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வனிலா மணம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின், வெப்பத்தில் சிதைந்து வனிலின் ஆகிறது. கடைத்தெரு ஐஸ்கிரீமில் வீசும் அதே பொருள்தான். 1874இல் டீமன், ஹார்மன் என்ற ஜெர்மானியர் இருவர் பைன் மரப் பொருளிலிருந்துதான் வனிலினை முதன்முதல் செயற்கையாகத் தயாரித்தனர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

மூன்றாவது தேங்காய் மணம். ஓக் மரத்துக்கே உரிய ஒரு லாக்டோன் இதைத் தருகிறது. பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக்கில் இது பொதுவாக அதிகம். ஆகவே தேங்காய் மணம் தூக்கலாக இருந்தால் அமெரிக்க மரம் என்று சுவைஞர் ஊகிப்பர். நான்காவது கிராம்பு. பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தவர்களுக்கு யூஜினால் தெரியும். அது ஓக் மரத்திலும் சிறிதளவு உண்டு. ஐந்தாவது, நெருப்பில் மரம் கருகியதால் வரும் குவையகால் என்ற பொருளின் புகை மணம். சர்க்கரைத் தன்மையுள்ள மரப்பகுதி கருகுவதால், வெல்லப்பாகு காய்ச்சும்போது வருவது போன்ற மணமும் சேரும்.

அளவும் முக்கியம். ஒரு பீப்பாயின் நீள அகலங்களை இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். ஆனால் மரத்தின் பரப்பு நான்கு மடங்குதான். அதாவது ஒரு லிட்டர் மதுவைத் தொடும் மரம் பாதியாகிவிடும். சிறிய பீப்பாயில் மரத்தின் சாயல் விரைவில் ஏறுவது இதனால்தான். அதோடு, ஒரு பீப்பாய் மூன்று நான்கு முறை பயன்பட்டதும் தரவேண்டிய மணத்தையெல்லாம் தந்துவிடும். அதன்பின் அது வெறும் கலம். காற்றை மட்டும் மெல்ல உள்ளே விடும்.

பழங்காலத்துப் பீப்பாய் பெரும்பாலும் இத்தகைய பழைய கலமே. மரமணத்துக்காகவே புதுப் பீப்பாய் தேடும் பழக்கம் உலகெங்கும் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ஹான்செல் பண்ணை, பிரெஞ்சுப் பீப்பாய்களை வரவழைத்துப் பயன்படுத்தியது, மற்றவர்கள் பின்பற்றினர். 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சோதனையில், பெயர்ச்சீட்டை மறைத்துக் கொடுத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டுச் சிவப்பு ஒயின் ஒன்றுக்கு முதலிடம் தந்துவிட்டனர். இன்று நம் நாட்டிலும், பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியிலும் நாசிக்கிலும் ஓக் பீப்பாயில் முதிர்வித்த சிவப்பு ஒயின் தயாராகிறது.

நாக்கை நம்பலாமா?

சுவைஞர் முதலில் கோப்பையை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறம் பார்ப்பார். இளம் மது ஊதா கலந்த சிவப்பு. முதிர்ந்தது செங்கல் நிறம். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர்வார். சுழற்றினால் பரப்பு கூடி, மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகும். கடைசியாக ஒரு வாய் எடுத்து, துவர்ப்பு எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பார்.

இங்கேதான் புளியின் பாடம் வருகிறது. துவர்ப்பு மரத்திலிருந்து மட்டும் வருவதில்லை. திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் உண்டு, அதுவும் பெரும்பங்காக. முதிர்ந்த நிறம் பீப்பாயாலும் வரலாம், புட்டியில் பல ஆண்டுகள் கிடந்ததாலும் வரலாம். ஆகவே துவர்ப்பையும் நிறத்தையும் வைத்து மரத்தின் பங்கைச் சொல்ல முடியாது. தேங்காய், வனிலா, புகை ஆகிய மணங்கள் சேர்ந்து வந்தால் மட்டுமே மரத்தின் மீது சந்தேகம் வலுக்கும்.

அப்போதும் ஓர் ஆபத்து உண்டு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் பயின்ற 54 பேருக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தனர். அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். பயின்ற மூக்கைக் கண் ஏமாற்றிவிட்டது. 'ஓக் பீப்பாயில் முதிர்ந்தது' என்று சீட்டில் படித்தவுடன் மரமணம் வீசத் தொடங்குவதும் இத்தகையதே.

இதில் பணமும் நேர்மையும் கலந்திருக்கின்றன. புதுப் பீப்பாய் விலை மிக்கது. எஃகுத் தொட்டியில் வறுத்த ஓக் சில்லுகளைப் போட்டாலும் மணத்தின் பெரும்பகுதி வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியமே 2006இல் இதை அனுமதித்தது. சில்லு மணத்தைத் தரும். பீப்பாய் போல மெல்லக் காற்றை விடாது. வாங்குகிறவர் இந்த வேறுபாட்டை உண்மையில் உணர்கிறாரா, விலைச்சீட்டைச் சுவைக்கிறாரா? இதற்கு விடை காண ஒரு முறை வேண்டும்.

அந்த முறை ஒரு தேநீர்க் கோப்பையில் பிறந்தது எனலாம். 1920களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் முரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, பாலை முதலில் ஊற்றிய தேநீரையும் தேநீரை முதலில் ஊற்றியதையும் சுவையால் பிரித்தறிய முடியும் என்றார். புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர் அதைச் சோதிக்க வழி வகுத்தார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை தற்செயலாக. வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாகப் பொறுக்க வாய்ப்பு 70இல் ஒன்று. ஃபிஷர் 1935இல் வெளியிட்ட பரிசோதனை வகுப்பு முறை பற்றிய நூலில் இந்தத் தேநீர்ச் சோதனை இடம்பெற்று, உலகப் புகழ் அடைந்தது.

இன்று உணவுச் சோதனைக்கூடங்களில் வழங்குவது மூன்று கோப்பைச் சோதனை. இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு சரக்கு. வேறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒயினைப் பாதி எஃகுத் தொட்டியிலும் பாதி புதுப் பீப்பாயிலும் வைத்து, நிறம் தெரியாத கருங்கோப்பையில் கொடுத்தால், மரத்தின் பங்கை நாக்கு உண்மையில் அறிகிறதா என்பது வெளிப்பட்டுவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு மது தேவையில்லை. மண்பானைத் தண்ணீருக்குத் தனிச் சுவை உண்டு என்கிறோம் அல்லவா? ஒரே குழாய்த் தண்ணீரைப் பாதி மண்பானையிலும் பாதி எவர்சில்வர் குடத்திலும் ஓர் இரவு வையுங்கள். மூன்று ஒரே மாதிரி டம்ளர்களில் ஒன்றில் பானை நீரும் இரண்டில் குடத்து நீரும், அல்லது மாற்றியும், ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றியவர் சுவைப்பவரின் எதிரே நிற்கக் கூடாது. அவர் முகமே விடையைக் காட்டிவிடும்.

ஒன்று முக்கியம். பானை நீர் ஆவியாதலால் குளிர்ந்திருக்கும். அப்படியே கொடுத்தால் நாக்கு அறிவது குளிர்ச்சியைத்தான், மண்ணை அல்ல. ஆகவே இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே சோதிக்க வேண்டும். ஒரு முறை சரியாகச் சொல்ல ஊகத்துக்கே மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு முறையும் தொடர்ந்து சரியாகச் சொன்னால், ஊகத்தால் அது நிகழ வாய்ப்பு 729இல் ஒன்று. அப்போது பானைக்குச் சுவை உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். சரியாகச் சொல்ல முடியாவிட்டால், நாம் இதுவரை சுவைத்தது குளிர்ச்சியையும் பழக்கத்தையும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பைன் பிசின் பூசிய ஜாடிகள் வழக்கொழிந்தும், கிரேக்கத்தில் 'ரெட்சினா' என்ற மதுவில் இன்றும் பைன் பிசினை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். பீப்பாய் இல்லாத எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளைப் போடுகிறார்கள். கசியாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு பழக்கமாகி, பழக்கம் சுவையாகி, கடைசியில் கலமே இல்லாமல் அந்தச் சுவை மட்டும் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. கோவில்பத்தில் பிளாஸ்டிக் டிரம் 'பீப்பா' ஆன கதையும் இதுவே. அடுத்த முறை ஒன்றைச் சுவைத்து "ஆகா!" என்னும்போது, சரக்கு எவ்வளவு, கலம் எவ்வளவு, நம் நம்பிக்கை எவ்வளவு என்று ஒரு நொடி கேட்டுக்கொள்வோம். விடை வேண்டுமானால் மூன்று டம்ளர்கள் போதும்.